கல்முனையை எந்தக் கிளையில் வைப்பது? பின்னிக் கிடக்கும் தரவுகளும் ஏபிஐ பதில்களும்

இலங்கையில் நிர்வாக மாவட்டங்கள் 25. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பிரிவுகளோ 26. கூடுதலாக இருக்கும் அந்த ஒன்று கல்முனை. அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களுக்கென்று தனிச் சுகாதாரப் பிராந்தியம் இயங்குவதால், சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையின் டெங்கு அட்டவணையில் அம்பாறைக்கு ஒரு வரியும் கல்முனைக்கு இன்னொரு வரியும் இருக்கும்.

தேர்தல் என்று வந்தால் கணக்கு மாறிவிடும். முழு மாவட்டமும் திகாமடுல்ல என்ற பெயரில் ஒரே தேர்தல் மாவட்டம். அதற்குள் அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என்று நான்கு தொகுதிகள். பிரதேச செயலகப் பிரிவுகள் 20. சாய்ந்தமருதுக்குத் தனிப் பிரதேச செயலகம் உண்டு. உள்ளூராட்சி எல்லையில் அது கல்முனை மாநகர சபையோடு சேர்ந்தது. சாய்ந்தமருதின் ஓர் ஒழுங்கையில் நிற்கும் ஒரே வீட்டுக்கு நான்கு அலுவலகங்கள் நான்கு விதமாக மேல்முகவரி சொல்லும். நான்கும் சரியானவை.

அந்த வீட்டைப் பற்றி ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் கேட்டால் பதில் எந்த வடிவில் வர வேண்டும்? வெறும் வீட்டு இலக்கமா? அதில் வாழும் குடும்பமும் சேர்த்தா? குடும்பத்தோடு உறுப்பினர்களும், அவர்களின் பாடசாலையும், மருத்துவமனை அட்டையும், கிராம உத்தியோகத்தர் பிரிவும், அந்தப் பிரிவின் மற்ற வீடுகளும் வர வேண்டுமா? எங்கே நிறுத்துவது? மென்பொருள் எழுதும் எவரும் தம் முதல் ஆண்டிலேயே முட்டிக்கொள்ளும் கேள்வி இது. இருபது ஆண்டுகளாகப் பல நிறுவனங்கள் பல விதமாக இதற்கு விடை சொல்லிவிட்டன. அந்த விடைகளைக் கல்முனைக் கரையில் நின்று பார்த்தால், எது தாங்கும், எது தாங்காது என்பது தெளிவாகத் தெரிகிறது.

ஏபிஐ என்பதைப் பிரதேச செயலகத்தின் கருமபீடத்தோடு ஒப்பிடலாம். உள்ளே அலுமாரி நிறையக் கோப்புகள் இருக்கும். வெளியே நிற்பவர் அலுமாரியைத் திறக்க முடியாது. கருமபீடத்தில் கேட்க வேண்டும், உள்ளே இருப்பவர் எடுத்துத் தருவார். அலுமாரிதான் தரவுத்தளம், கேட்பது கோரிக்கை, நீட்டப்படும் தாள்தான் பதில். இன்றைய ஏபிஐ பெரும்பாலும் அந்தத் தாளை ஜேசன் என்ற எழுத்து வடிவில் தருகிறது. சிக்கல் எங்கே என்றால், கோப்புகள் ஒன்றையொன்று சுட்டுகின்றன. ஒரு கோப்பை இழுத்தால் பத்துக் கோப்புகள் கூடவே வரும்.

இந்தக் கரையில் கோப்புகள் ஒன்றையொன்று சுட்டும் சிக்கல் உயிர்ப் பிரச்சினையாக எழுந்த நாள் 2004 டிசம்பர் 26. அந்த ஞாயிறு காலை மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடலோரம் நெடுக அலை ஏறியது. இலங்கையில் மிகக் கூடுதலானோர் மாண்டது அம்பாறை மாவட்டத்தில்தான்; பத்தாயிரத்துக்கும் மேல். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் முகாம்களாயின. உம்மாவைத் தேடும் பிள்ளை ஒரு முகாமில், பிள்ளையைத் தேடும் உம்மா இன்னொரு முகாமில், இருவரின் பெயரும் இரண்டு வெவ்வேறு கொப்பிகளில்.

அந்த நாட்களில் கொழும்பில் லங்கா மென்பொருள் மன்றத்தைச் சுற்றிச் சேர்ந்த தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதினார்கள். பெயர் சஹன, சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். பிஎச்பி மொழியில், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் மேல் எழுதப்பட்டது. காணாமற்போனோர் பதிவு, உதவி அமைப்புகளின் பதிவு, முகாம் பதிவு, தேவைகளின் பதிவு என்பவை அதன் முக்கியப் பகுதிகள். 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006-இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் அது கைகொடுத்தது. சமூகப் பயனுக்கான 2006-ஆம் ஆண்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்கு வழங்கியது. உலகின் பேரிடர் மென்பொருள்களில் முன்னோடி ஒன்று இந்தத் தீவின் துயரத்திலிருந்து பிறந்தது என்பதை நம் பாடசாலைகளில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அந்த நான்கு பதிவுகளையும் சற்றுக் கவனித்தால் கேள்வியின் முழு உருவமும் தெரியும். ஆள் ஒரு குடும்பத்தில் இருக்கிறார். குடும்பம் ஒரு முகாமில். முகாமை ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் பார்க்கின்றன. ஓர் அமைப்பு பல முகாம்களைப் பார்க்கிறது. முகாம் பால்மா கேட்கிறது, அந்தத் தேவையை ஓர் அமைப்பு ஏற்கிறது. ஆளைத் தேடுபவருக்கு முகாமின் பெயர் போதும். பால்மா அனுப்புபவருக்கு முகாமில் எத்தனை குழந்தைகள் என்ற எண்ணிக்கை போதும், பெயர்கள் வேண்டாம். வைத்தியருக்கு ஆளின் வயதும் நோயும் வேண்டும், எந்த அமைப்பு அரிசி தந்தது என்பது வேண்டாம். தரவு ஒன்றுதான், கேட்பவர் மூவர்.

முதல் தடவை ஏபிஐ எழுதுபவர் பெரும்பாலும் செய்வது, எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகித் தருவது. இப்படி:

{ "முகாம்": "பாடசாலை முகாம்",
  "குடும்பங்கள்": [
    { "வீடு": "கடற்கரை வீதி",
      "உறுப்பினர்": [
        { "பெயர்": "ஆயிஷா",
          "முகாம்": { "முகாம்": "பாடசாலை முகாம்", "குடும்பங்கள்": [ …

முகாமுக்குள் குடும்பம், குடும்பத்துக்குள் ஆள், ஆளுக்குள் மறுபடி முகாம். யாராவது நிறுத்தச் சொல்லாவிட்டால் சேர்வர் இதை முடிவின்றி எழுதிக்கொண்டே போய்க் கடைசியில் நினைவகம் தீர்ந்து விழும். ஜாவாவில் எழுதுவோர் இதை 'முடிவிலா மீள்சுழற்சி' என்ற பிழைச் செய்தியாகப் பார்த்திருப்பார்கள். பிழை மொழியில் இல்லை. உறவுகள் வலையாக இருக்கின்றன. அவற்றை மரமாக வரைய முயன்றதால் வந்த விளைவு அது.

இதே தவறு அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தடவை நடந்து, அதற்கு மருந்தும் கண்டுபிடிக்கப்பட்டது. 1960-களில் அப்போலோ திட்டத்தின் ராக்கெட் பாகங்களைக் கணக்குவைக்க ஐபிஎம் நிறுவனம் ஐஎம்எஸ் என்ற தரவுத்தளத்தை உருவாக்கியது. அது மரவடிவம்: பெரிய பாகத்தின் கீழ்ச் சிறு பாகம், அதன் கீழ் இன்னும் சிறியது. ஒரே திருகாணி பத்துப் பாகங்களில் வந்தால் அதை எந்தக் கிளையில் வைப்பது? 1970 ஜூனில் அதே ஐபிஎம்மில் வேலை செய்த எட்கர் கொட் ஒரு கட்டுரை எழுதினார். பாகங்களையும் திட்டங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றை ஐந்து விதமான அமைப்புகளில் அடுக்கலாம் என்று காட்டினார். ஓர் அடுக்கை நம்பி எழுதிய நிரல் அடுத்த அடுக்கில் உடைந்துபோகும் என்பதையும் காட்டினார். தனித்தனி அட்டவணை, அவற்றைச் சேர்க்கும் திறவுகோல்கள் என்ற தொடர்புசார் தரவுத்தளம் அந்தக் கட்டுரையில்தான் பிறந்தது. இன்று கீழே தரவுத்தளம் கொட் சொன்ன வழியில் இருக்கிறது. மேலே ஏபிஐ பழைய மரத்தையே மறுபடி வளர்க்கிறது. சாய்ந்தமருது வீட்டைப் பிரதேச செயலகத்தின் கீழ் வைப்பதா, மாநகர சபையின் கீழ் வைப்பதா, கல்முனைச் சுகாதாரப் பிராந்தியத்தின் கீழ் வைப்பதா என்பது ராக்கெட் திருகாணியின் கேள்விதான்.

செருகித் தருவதில் இன்னொரு செலவும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு முகாமில் 80 குடும்பம், குடும்பத்துக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். நிரல் முதலில் குடும்பங்களின் பட்டியலை எடுக்கத் தரவுத்தளத்துக்கு ஒரு வினவல் அனுப்புகிறது. பிறகு ஒவ்வொரு குடும்பத்தின் உறுப்பினரையும் எடுக்க 80 வினவல். ஒவ்வொருவரின் மருத்துவக் குறிப்புக்கும் இன்னும் 400. மொத்தம் 481. இதற்கு 'என் கூட்டல் ஒன்று' சிக்கல் என்று பெயர். எழுதும்போது மூன்று குடும்பங்களை வைத்துச் சோதிப்பதால் எவருக்கும் தெரிவதில்லை. முகாம் நிரம்பும் நாளில்தான் சேர்வர் திணறும். தீர்வு எளிது. எல்லாக் குடும்ப இலக்கங்களையும் சேர்த்து 'இவர்களுக்கெல்லாம் உறுப்பினர் யார்?' என்று ஒரே தடவையில் கேட்டால் 481 வினவல் மூன்றாகிவிடும். ஜாங்கோ என்ற நிரலாக்கச் சட்டகத்தில் இதற்கென்றே 'ப்ரீஃபெட்ச்' வசதி இருக்கிறது, ரெயில்ஸ் என்ற சட்டகத்திலும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏபிஐ எழுதவே கூடாது.

மற்றக் கரைக்குத் தாவியவர்களும் உண்டு. எதையும் செருகாமல் இலக்கங்களை மட்டும் கொடுப்பது அவர்கள் வழி: முகாம் 12, அதன் குடும்பங்கள் 301, 302, 303. விவரம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கேள். சேர்வருக்கு இது சுத்தமானது. ஆனால் களத்தில் கையடக்கத் தொலைபேசியோடு நிற்கும் தொண்டரை நினைத்துப் பார்க்க வேண்டும். இணைப்பு மந்தமான இடத்தில் ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரைச் செக்கன் ஆகிறது என்றால், 80 குடும்பத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்க 40 செக்கன். வரிசையில் நிற்பவர்கள் காத்திருக்கிறார்கள். சேர்வரில் இருந்த 'என் கூட்டல் ஒன்று' தொண்டரின் கைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவே உலகம் கண்ட வழிகளில் மூன்று நான்கு நின்று பேசத்தக்கவை.

ஜேசன் ஏபிஐ என்ற பொது விதிமுறை 2015 மே மாதம் முதல் பதிப்பாக வந்தது. அதன் கருத்து கிராமத்துக் கணக்கப்பிள்ளைக்கும் புரியும். கேட்ட பொருள் தாளின் மேற்பாதியில் இருக்கும். அது சுட்டும் உறவுகள் வகையும் இலக்கமுமாகக் குறிக்கப்பட்டிருக்கும். கூடவே அனுப்பும் உறவினரின் முழு விவரம் தாளின் கீழே 'சேர்க்கப்பட்டவை' என்ற தனிப் பட்டியலில், ஒருவர் ஒரே ஒரு தடவை மட்டும். முகாமின் விவரம் 400 ஆட்களுக்குள்ளும் 400 தடவை திரும்பத் திரும்ப வராது. வட்டமாகச் சுற்றவும் முடியாது, ஏனென்றால் சுட்டிக்காட்டத்தான் முடியும், உள்ளே செருக முடியாது. படிப்பதற்குச் சற்றுச் சிரமம் என்று பலர் இதை விட்டுவிட்டார்கள். வலைபோல் பின்னிய தரவுக்கு இதைவிட நேர்மையான வடிவம் அரிது.

பணப் பரிமாற்ற நிறுவனமான ஸ்ட்ரைப் வேறு வழி பிடித்தது. இயல்பில் இலக்கம் மட்டும் வரும். 'இதை விரித்துத் தா' என்று கேட்டால் அந்த இலக்கத்தின் இடத்தில் முழுப்பொருள் வரும். விரிக்கலாம், ஆனால் நான்கு படிக்கு மேல் விரிக்க முடியாது என்று எல்லை போட்டிருக்கிறார்கள். அந்த எல்லை மிக முக்கியம். கேட்பவருக்குச் சுதந்திரம் கொடுத்தால் கூடவே வேலியும் போட வேண்டும்.

பேஸ்புக் நிறுவனத்துக்குள் 2012-இல் உருவாகி 2015-இல் வெளியுலகுக்கு வந்த கிராப்கியூஎல், சுதந்திரத்தை முழுவதுமாகக் கேட்பவர் கையில் கொடுத்தது. எந்த வடிவில் கேள்வியை எழுதுகிறீர்களோ அதே வடிவில் பதில் வரும். தொலைபேசிச் செயலி எழுதுபவருக்கு இது பெரிய வசதி. ஆனால் கேள்வியில் ஆள், குடும்பம், ஆள், குடும்பம் என்று இருபது படி எழுதி எவரும் சேர்வரை வீழ்த்திவிடலாம். அதனால்தான் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன் கிராப்கியூஎல் வாசலில் காவல் வைத்திருக்கிறது: பட்டியல் கேட்டால் 1 முதல் 100-க்குள் எத்தனை வேண்டும் என்று சொல்லியே ஆக வேண்டும், ஒரு கேள்வி மொத்தம் 500,000 கணுக்களை, அதாவது தனித்தனிப் பொருள்களை, தாண்டக் கூடாது.

இந்தக் கரைக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு டிஎச்ஐஎஸ் 2. ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்க்கும் இந்தச் சுகாதாரத் தகவல் மென்பொருளின் மேல்தான் இலங்கைக் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் இலத்திரனியல் இனப்பெருக்க சுகாதார முகாமைத்துவத் தகவல் முறை இயங்குகிறது. 2020 தொடக்கத்தில் கொவிட் பரவ ஆரம்பித்தபோது, நாட்டுக்குள் வருவோரைக் கண்காணிக்கும் முறையை இலங்கைக் குழு டிஎச்ஐஎஸ் 2-இல்தான் விரைந்து எழுதியது. பின்னர் பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. அதன் ஏபிஐயில் கேட்பவர் தமக்கு வேண்டிய புலங்களைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். உறவு வேண்டுமென்றால் உறவின் பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் அதன் புலங்களை எழுதலாம். பிறப்பிடம் வேண்டாம், பெயரும் பிரிவும் போதும் என்றால் அவ்வளவே வரும்.

டிஎச்ஐஎஸ் 2 கல்முனையை எங்கே வைக்கும்? அங்கே அமைப்பு அலகுகள் ஒரு மரம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தாய் அலகு. வேர் முதல் அந்த அலகு வரையான பாதை ஒரே வரியில் சரிவுக்கோடுகளால் பிரித்துத் தரப்படும். ஆக எத்தனை படி ஆழமாக இருந்தாலும் செருக வேண்டியதில்லை. மரத்துக்குள் அடங்காத வகைப்பாடுகளுக்குக் குழுக்கள் என்ற இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. ஓர் அலகு மரத்தில் ஒரே இடத்தில் நிற்கும். குழுக்கள் பலவற்றில் உறுப்பினராகலாம். சுகாதார மரத்தில் கல்முனைப் பிராந்தியத்தின் கீழ் நிற்கும் ஓர் ஊரை நிர்வாக மாவட்டத்துக்கான குழுவில் அம்பாறை என்று குறிக்கலாம். முதன்மையான ஓர் ஒழுங்கு வேண்டும், மற்ற ஒழுங்குகளுக்கும் மரியாதை வேண்டும் என்ற சிக்கலுக்கு இது நல்ல தீர்வு.

பெயர்கள் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கல்முனையில் ஆதார வைத்தியசாலைகள் இரண்டு: அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்று, வடக்கு ஆதார வைத்தியசாலை மற்றது. பதிலில் "வைத்தியசாலை": "கல்முனை" என்று வெறும் எழுத்தாக வந்தால் நோயாளி எங்கே போவார்? உறவு எப்போதும் மாறாத இலக்கத்தோடு வர வேண்டும். பெயர் அதற்குத் துணை. சஹனவின் அடுத்த தலைமுறையான சஹன ஈடன் பைத்தன் மொழியில் எழுதப்பட்டபோது, ஒவ்வொரு பதிவுக்கும் உலகில் வேறெங்கும் வராத நீள இலக்கம் ஒன்றைக் கொடுத்தது. வெளியே அனுப்பும்போது உறவுகளை அந்த இலக்கத்தால் சுட்டியது. ஒரு முகாமின் கணினியிலும் தலைநகரின் கணினியிலும் ஒரே ஆள் பதிவானாலும் பின்னர் சேர்த்துவிட முடியும்.

இதே தெளிவை அமெரிக்காவின் கட்ரினா சூறாவளியும் 2005-இல் கற்றுக்கொடுத்தது. காணாமற்போனோர் பட்டியல்கள் பல தளங்களில் சிதறிக் கிடந்தபோது, அவற்றை ஒன்றுசேர்க்கப் பிஎஃப்ஐஎஃப் என்ற பொது வடிவம் எழுதப்பட்டது. 2010-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது கூகுள் தொடங்கிய ஆள்தேடும் சேவையும் இதைத்தான் பயன்படுத்தியது. அதில் பதிவுகள் இரண்டே வகை: ஆள், குறிப்பு. ஆளின் பதிவு ஒன்று. 'இவரை நேற்று முகாமில் கண்டேன்', 'இவர் மருத்துவமனையில் இருக்கிறார்' என்று பலர் சொல்லும் செய்திகள் தனித்தனிக் குறிப்புகள். ஒவ்வொன்றும் ஆளின் இலக்கத்தைச் சுட்டும். எந்தக் குறிப்பும் முந்திய குறிப்பை அழிக்காது. இலக்கத்தின் முன்பகுதியில் அதை வழங்கிய தளத்தின் பெயர் இருக்கும், அதனால் இரண்டு தளங்களின் இலக்கம் மோதாது. பதிவு காலாவதியாகும் நாளும் அதிலேயே எழுதப்படும். தேடல் முடிந்த பிறகு ஒருவரின் துயரம் என்றென்றும் இணையத்தில் தொங்க வேண்டியதில்லை. இவ்வளவு ஆழமான மனித உறவை இரண்டே தட்டையான பதிவுகளில் அடக்கியது பெரிய சாதனை.

இதுவரை சொன்னவை வேகமும் வடிவமும். பதிலின் வடிவம் ஒருவரின் உரிமையையே மறைத்துவிடக்கூடும் என்பதைத்தான் இந்தக் கரை தன் சொந்த அனுபவத்தால் சொல்கிறது.

அக்கரைப்பற்றில் 1969 முதல் களஆய்வு செய்த மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக எழுதியிருக்கிறார்: அம்பாறைக் கரையின் முஸ்லிம்களிடத்திலும் அயலிலுள்ள தமிழர்களிடத்திலும் குடி எனப்படும் குல முறை தாய்வழியில் வருவது. பிள்ளை உம்மாவின் குடி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடியின் பிரதிநிதியாகக் குடிக்கு ஒரு மரைக்காயர் என்ற வழக்கமும் அதன் மேல்தான் நின்றது. வீடு மகளுக்கு, கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். உம்மாவும் வாப்பாவும் மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, பக்கத்து வளவில் இளையவளுக்கு இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு போவார்கள். ஆக, இங்கே வீட்டைச் சொந்தமாக வைத்திருப்பவர் பெரும்பாலும் பெண்.

சுனாமிக்குப் பிறகு புதிய வீடுகள் கொடுக்கப்பட்டன. வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று முதலில் தடை வந்ததால் பலர் உள்ளே நகர்ந்தார்கள். படிவங்கள் 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டன. அந்தக் கட்டத்தில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. பின்னர் வீட்டின் உரிமையும் பெரும்பாலும் அதே பெயருக்குப் போனது. கடல் கொண்டுபோனது மனைவியின் சீதன வீடு. கையில் வந்தது கணவன் பெயரில் எழுதிய வீடு. ஆய்வாளர்களும் பெண்கள் அமைப்புகளும் இதைப் பதிவுசெய்து, கூட்டு உரிமை கேட்டுக் குரல் எழுப்பினார்கள்.

ஒரு மென்பொருளாளரின் கண்ணால் இதைப் பார்க்க வேண்டும். குடும்பத்துக்குள் தலைவர், தலைவருக்குள் வீடு என்று செருகிய பதிலில் வீட்டின் உரிமையாளருக்கென்று இடமே கிடையாது. தரவுத்தளத்தில் அந்த உறவு இருந்தாலும் பதிலில் வராது. பதிலில் வராதது திரையில் வராது. திரையில் வராததை அலுவலர் கேட்க மாட்டார். மருதமுனையில் ஒரு நெசவுக் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், தறி கணவனின் பெயரிலும் வளவு மனைவியின் பெயரிலும் இருக்கலாம். மனைவியின் தங்கை அதே கூரையின் கீழ் வேறு அடுப்பு வைத்திருக்கலாம். இதை ஒருவருக்குள் ஒருவராகச் செருக முடியாது. ஆள் ஒரு பதிவு, வீடு ஒரு பதிவு, இரண்டையும் இணைக்கும் உறவு தனிப் பதிவு. அந்த உறவுக்கு ஒரு பெயர்: உரிமையாளர், குடியிருப்பவர், வாடகைக்காரர். அத்தோடு எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்பதும். உறவுக்கே தனித் தாள் கொடுப்பதுதான் இந்தக் கட்டுரையாளர் பார்த்த வழிகளிலெல்லாம் மிகப் பயனுள்ளது. ஜேசன் ஏபிஐயில் எழுதினாலும் கிராப்கியூஎல்லில் எழுதினாலும் இது மாறாது.

நாளைக் குறிக்க வேண்டும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. சாய்ந்தமருதைத் தனி நகர சபையாக அறிவிக்கும் வர்த்தமானி 2020 பெப்ரவரியில் வெளியானது. சில நாட்களுக்குள் அது நிறுத்தப்பட்டது. அம்பாறை மாவட்டமே 1961-இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டதுதான். ஆளுக்குள் சபையின் பெயரை எழுத்தாகச் செருகி வைத்த மென்பொருள், அத்தகைய மாற்றம் வந்து மறுபடி நீங்கினால், ஆயிரக்கணக்கான பதிவுகளை மாற்றி, மறுபடியும் மாற்ற வேண்டியிருக்கும். இலக்கத்தால் சுட்டியிருந்தால் ஒரே வரி.

வெறுமையும் ஒரு பதில்தான். அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள் கட்டப்பட்டன. வழக்கினால் அவை ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. வீடு இருக்கிறது, குடும்பம் இல்லை. ஏபிஐ இதற்கு என்ன சொல்ல வேண்டும்? 'குடும்பம்' என்ற புலத்தையே காட்டாமல் விட்டால், அந்தத் தகவலைக் கேட்கவில்லையா, அனுமதியில்லையா, அல்லது ஒருவருமே இல்லையா என்று எதிரே இருப்பவருக்குத் தெரியாது. ஒருவர் இருக்கக்கூடிய இடத்தில் இல்லையென்றால் வெற்று மதிப்பு. பலர் இருக்கக்கூடிய இடத்தில் இல்லையென்றால் வெற்றுப் பட்டியல். சிறு விதிதான், ஆனால் இதைப் பின்பற்றாத ஏபிஐகளே அதிகம்.

இனி, கொடுக்கக் கூடாதவை. தேசிய அடையாள அட்டை இலக்கத்தைத் திறவுகோலாக வைக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் 12 இலக்கம். ஒரே ஆளுக்கு இரண்டு வடிவம் இருக்கலாம், பிள்ளைகளுக்கு எதுவுமே இராது. எனவே திறவுகோலாக அது உதவாது. அதைவிடப் பெரிய கேடு, அந்த எண்ணே பேசுகிறது. பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அதில் இருக்கின்றன. பெண்ணென்றால் நாளின் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். முகாம் பட்டியலில் இதைச் செருகி அனுப்பினால், பெயரை மறைத்தாலும் வயதும் பாலும் வெளியே போய்விடும். மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஏபிஐ ஆபத்துகளின் பட்டியலில் 'தேவைக்கு மேல் தரவைக் கொட்டுவது' மூன்றாம் இடத்தில் இருந்தது. இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கத்துக்குத் தேவையான அளவே தரவு கையாளப்பட வேண்டும் என்கிறது. திரையில் மறைத்தால் போதும் என்று நினைப்பவர் பலர். திரை மறைத்தாலும் பதில் வந்துவிட்டது. அதைப் படிக்கத் தெரிந்தவர் படித்துவிடுவார்.

எல்லா வழிகளையும் பார்த்தபின் கட்டுரையாளரின் தீர்ப்பு இது. ஒரே நிறுவனம், ஒரே செயலி, திரை வடிவம் தெரியும் என்றால், அந்தத் திரைக்கு வேண்டியதை ஒரு படி மட்டும் செருகித் தருவதில் தவறில்லை. வேகமும் எளிமையும் கிடைக்கும். கேட்பவர் பலர், எதிர்காலத்தில் யார் கேட்பார் என்பதே தெரியாது என்றால், இலக்கத்தால் சுட்டும் தட்டையான வடிவமும், எல்லை போட்ட விரிப்பும் வேண்டும். கிராப்கியூஎல் பெரிய குழுவுக்குப் பொருந்தும். இரண்டு பேர் சேர்ந்து ஊருக்கு எழுதும் மென்பொருளுக்கு அதன் காவல் வேலையே பாரமாகிவிடும். பட்டியலை முழுதாகத் தர வேண்டாம். எண்ணிக்கையும் முதல் இருபதும் அடுத்த பக்கத்துக்கான சுட்டியும் போதும். எந்த வழியென்றாலும், உறவு யாருடையது என்பதை எழுதும் புலத்தின் பெயரில் கவனம் வேண்டும்.

மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் இன்று மென்பொருள் எழுதும் பிள்ளைகள் நிறைய. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து இந்தக் கரையிலேயே பட்டதாரிகளை உருவாக்கி வருகிறது. பள்ளிவாசல் மகல்லாப் பதிவேடு, ஸகாத் பட்டியல், மீனவர் சங்கக் கணக்கு என்று எதை எழுதினாலும் நீங்கள்தான் அதன் முதல் வடிவத்தைத் தீர்மானிக்கிறீர்கள்; பின்னால் வருபவர் அந்த வடிவத்தில்தான் யோசிப்பார். 'குடும்பத் தலைவர்' என்ற புலத்தை எழுதக் கை போகும்போது, வீட்டு உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று உங்கள் உம்மாவிடம் ஒரு தரம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.